பொன்னுருக்கலுக்கு முன்னம் இரண்டு பேரும் கதைத்து முடிக்க வேண்டியவை

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணத்துக்கு எவ்வளவு ஆயத்தம் செய்கிறோம் என்று ஒருதரம் எண்ணிப் பாருங்கள். சாதகம் பார்ப்பது, பேச்சுக்கால், நல்லூர் வெளிவீதியில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி நின்று பெண் பார்ப்பது, சீதனக் கதை, எழுத்து (சட்டப்படியான பதிவு), கூறை எடுப்பது, பொன்னுருக்கல் (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு), கன்னிக்கால், மண்டபம், வீடியோக்காரர், இப்போது ட்ரோனும் சேர்ந்துவிட்டது. ஒரு வருடம் இதிலேயே ஓடிவிடும். இந்த இரண்டு பேரும் நாளைக்கு ஒரு பிள்ளையை எப்படி வளர்க்கப் போகிறார்கள் என்று அந்த ஒரு வருடத்தில் யாராவது பத்து நிமிடம் கதைத்திருப்பார்களா?

நாங்கள் கதைக்கவில்லை. எனக்குக் கலியாணம் நடந்தது 2013இல். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு கொப்பி முழுக்கக் கணக்கெழுதினேன், ஆனால் அதற்காக வாங்கிய கடனைப் பற்றி மனைவியிடம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, அவளுடைய காப்பை அடகு வைக்கக் கேட்ட அன்றுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. எங்கள் வீட்டில் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கும் பழக்கம் இல்லை, கதைக்காமல் விடுவதுதான் பழக்கம். இரண்டு நாள், மூன்று நாள், ஒருமுறை பதினொரு நாள். மகளுக்கு நாலு வயதாகும்போது அவள்தான் எங்கள் தபால்காரி. "அப்பாட்டைச் சொல்லு, சாப்பாடு மேசையில இருக்கெண்டு." "அம்மாட்டைச் சொல்லு, நான் கடையில சாப்பிட்டிட்டன் எண்டு." இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி தூரம் இருக்காது.

ஒருநாள் பின்வளவில் சிரட்டையில் மண் குழைத்துச் சோறு கறி சமைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டு பொம்மையை ஒன்றுக்கொன்று முதுகு காட்டி இருத்திவிட்டு, நடுவில் தான் குந்தியிருந்து இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல்லாகக் காவிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சிரட்டையை எடுத்து மற்றதன் மேல் டக்கென்று வைத்தாள். குசினியில் அவளுடைய அம்மா கோபமாக இருக்கும்போது சட்டி மூடியை வைக்கும் அதே வேகம், அதே சத்தம். நான் கிணற்றடியில் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று தொடங்கித்தான் இதைப் பற்றி வாசிக்கவும் கேட்கவும் ஆரம்பித்தேன். கலியாணத்துக்கு முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்த விஷயங்களை இங்கே எழுதுகிறேன். பேச்சுக்கால் முடிந்து நாள் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் முதல் உரிமை. ஏற்கெனவே பிள்ளை உள்ளவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். கலியாணத்துக்கு முன் ஒரு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் அரசு காசு போட்டு, பிள்ளை பிறந்த அல்லது பிறக்கவிருந்த மணமாகாத இணைகள் ஐயாயிரம் அளவில் சேர்த்து, எட்டு இடங்களில் உறவுப் பயிற்சி நடத்திப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது மொத்தமாகச் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் பென்சில்வேனியாவில் மார்க் ஃபைன்பெர்க் என்பவர் வேறு மாதிரிச் செய்தார். முதல் பிள்ளையை எதிர்பார்த்திருந்த 169 இணைகளை எடுத்து, அதில் ஒரு பகுதிக்கு 'நீங்கள் இரண்டு பேரும் பெற்றோராக எப்படிச் சேர்ந்து வேலை செய்யப் போகிறீர்கள்' என்பதை மட்டும் சில வகுப்புகளில் பழக்கினார். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஆசிரியர்களிடம் விசாரித்தபோது, வகுப்புக்கு வந்தவர்களின் பிள்ளைகளிடம் பயம், ஒதுங்குதல் போன்ற கரைச்சல்கள் குறைவாக இருந்தன. எனக்கு இதில் விளங்கியது: காதல், புரிந்துணர்வு என்று பொதுவாகக் கதைப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. யார் இரவில் எழும்புவது, யார் காசு கட்டுவது, யார் ஏசினால் மற்றவர் என்ன செய்வது என்று பெயர் சொல்லிக் கதைக்க வேண்டும்.

எப்போது, எங்கே, யாரோடு

எழுத்துக்கும் தாலிகட்டுக்கும் இடையில் சில மாதம் கிடைக்கும் வீடுகள் நிறைய. அந்த இடைவெளிதான் நல்ல நேரம். எழுத்துக்கு முன்பே முடித்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் எழுத்து வைத்த பிறகு சட்டப்படி நீங்கள் கணவன் மனைவிதான், பிறகு 'சரிவராது' என்று விலகுவதென்றால் விவாகரத்து வழக்குத்தான் போட வேண்டும். இலங்கைச் சட்டத்தில் அதற்கு ஒருவர் மீது குற்றம் காட்ட வேண்டும். இரண்டு பேருக்கும் விருப்பமில்லை என்பது மட்டும் போதாது.

கத்தோலிக்க ஆட்களுக்குக் கோயிலிலேயே திருமண ஆயத்த வகுப்பு இருக்கிறது. அதைச் 'சும்மா சம்பிரதாயம்' என்று நினைத்துப் பின்வாங்கில் இருந்து போனைப் பார்க்காமல், கேள்வி கேளுங்கள். சைவ ஆட்களுக்கு அப்படி ஓர் ஒழுங்கு இல்லை, நாங்களே செய்துகொள்ள வேண்டியதுதான். நான் சொல்லும் முறை சுலபம்: ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள், நாலைந்து சந்திப்பு வையுங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம், ஒரு சந்திப்புக்கு ஒரு விஷயம். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத இடமாக இருக்கட்டும். அம்மா, பெரியம்மா பக்கத்தில் இருந்தால் 'கடன் இருக்கோ' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும்.

ரத்தப் பரிசோதனை: முதல் சந்திப்பிலேயே முடியும்

பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், ரத்தத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ, குடும்பநல உத்தியோகத்தரிடமோ (நாங்கள் மிட்வைஃப் என்றுதான் சொல்வோம்) போய், கலியாணம் ஒழுங்காகியிருக்கிறது என்று சொல்லுங்கள். புதுமணத் தம்பதிகளுக்கென்று ஒரு சேவையே இருக்கிறது. எங்கள் சனம் வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகுதான் அவரிடம் போகிறது.

அங்கே மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, முழு ரத்த எண்ணிக்கை, அதிலிருந்து தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் காவியா (அந்த நோயின் அலகைத் தனக்குள் வைத்திருப்பவரா) என்ற சந்தேகம் வந்தால் அடுத்த பரிசோதனை. காவியாக இருப்பவருக்கு ஒரு வருத்தமும் இராது, அவர் நன்றாகத்தான் இருப்பார். ஆனால் இரண்டு பேரும் காவியாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்குப் பெரும் தலசீமியா வர. அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது, பெண்ணுக்கு ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பது. போடவில்லையென்றால் போட்டு, ஒரு மாதமாவது கழித்துத்தான் கர்ப்பம் தரிக்க வேண்டும், அதனால்தான் கலியாணத்துக்கு முன்பே பார்க்கச் சொல்கிறேன். மூன்றாவது ஃபோலிக் அமில மாத்திரை. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிவிடும். பெண்ணுக்குத் தான் கர்ப்பம் என்று தெரியவே அநேகமாக அவ்வளவு நாள் போய்விடும். ஆகவே நாள் தள்ளிப்போன பிறகு விழுங்கத் தொடங்குவது பிந்தியது, ஒரு மாதமாவது முன்பே தொடங்க வேண்டும்.

மச்சான் மச்சாள் கலியாணமென்றால் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். சொந்த மாமன் மகள், அத்தை மகன் என்றால் பரம்பரை அலகுகளில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு சாதாரணமாக நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், இங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைக் கேட்டுப் பயந்து கலியாணத்தைக் குழப்பத் தேவையில்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் பிள்ளைகள் சுகமாகத்தான் பிறக்கிறார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே செய்த குடும்பம் என்றால், அல்லது குடும்பத்தில் காது கேளாத, வளர்ச்சி பிந்திய பிள்ளை இருந்தால், ஒரு வைத்தியரோடு கதைத்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று. கலியாணமாகி மூன்றாம் மாதமே "என்ன, விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்க ஒரு மாமி வருவார். அவருக்கு என்ன சொல்வது என்றும் இப்போதே இரண்டு பேரும் பேசி வையுங்கள். பிள்ளை எப்போது என்பது உங்கள் இரண்டு பேரின் முடிவு, அந்த மாமியின் முடிவு அல்ல.

காசு: கொப்பியின் நடுப்பக்கம்

இதுதான் எனக்கு நொந்த இடம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1980களில் விவசாயிகள் கடனில் விழுந்தபோது, ராண்ட் கோங்கர் என்ற ஆய்வாளர் அங்கத்தைய குடும்பங்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார். காசுக் கஷ்டம் பிள்ளையை நேரடியாகத் தாக்குவதைவிட, தாய் தகப்பனின் மனதையும் அவர்களுக்குள் நடக்கும் சண்டையையும் தாண்டித்தான் பிள்ளையிடம் போய்ச் சேர்கிறது என்று கண்டார். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். கடன் மகளுக்குத் தெரியாது, பதினொரு நாள் மௌனம் தெரியும்.

கொப்பியில் முதல் பக்கம் கடன். வங்கிக் கடன், அடகு, சீட்டு, நுண்கடன், வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவிடம் 'பிறகு தாறன்' என்று வாங்கியது, எல்லாம். கலியாணத்துக்காக வாங்கப் போகிறதும் சேர்த்து. அடுத்த பக்கம் கடமை. தங்கைச்சிக்குச் சீதனம் சேர்க்கும் பொறுப்பு அண்ணன் தலையில் இருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் எத்தனை! அதை மறைத்துக் கலியாணம் செய்துவிட்டு, முதல் பிள்ளைக்குப் பால்மா வாங்கும் நேரத்தில் தங்கைச்சிக்கு வரன் வந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய் தகப்பனுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவ்வளவு பெரிய பேச்சு வேண்டாம், இப்படிச் சொன்னால் போதும்: "எனக்கு இவ்வளவு கடன் இருக்கு. தங்கைச்சியின்ரை விஷயமும் என்ரை பொறுப்புத்தான். உமக்கு இது சரியோ, இல்லாட்டி எப்பிடிச் செய்வம் எண்டு யோசிப்பம்." மற்றவர் கேட்க வேண்டியது: "மாசம் மாசம் எவ்வளவு கட்டுறீங்கள்? எப்ப முடியும்?"

சீதனம், டொனேசன் (மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் காசு) பற்றி என் கருத்துக் கேட்டால் வேண்டாம் என்பேன், ஆனால் என் கருத்தைக் கேட்டு ஊர் நடப்பதில்லை. குறைந்தபட்சம் எது யாருடைய பெயரில் என்று விளங்கிக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழர் வழக்குச் சட்டம் இன்றும் எங்கள் சொத்துக்குப் பொருந்துகிறது. பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம் அவளுடையது. ஆனால் கலியாணமான பிறகு அவள் தன் பெயரில் உள்ள காணியை, வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்குவது தேடியதேட்டம் என்ற வேறு வகைச் சொத்து. உறுதி எழுதும் அன்று நொத்தாரிசிடம் இரண்டு பேரும் சேர்ந்து போய் 'இதன் பொருள் என்ன' என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்று கேட்காத கேள்வி, பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது இரவு பதினொரு மணிக்குச் சண்டையாக வரும்.

யாருடைய வீடு, யாருடைய சொல்

எங்கள் பக்கம் அநேகமாக மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். இதில் பிள்ளைக்கு நல்ல பக்கம் இருக்கிறது, பிள்ளைப்பெறு நேரத்தில் பெண்ணுக்குத் தாய் பக்கத்தில், பிள்ளைக்கு அம்மம்மாவின் மடி எப்போதும் கிடைக்கும். கரைச்சலும் அதிலேயே இருக்கிறது. வந்த மனிதனுக்கு அது தன் வீடா, மாமியாரின் வீடா என்று பத்து வருடம் போனாலும் விளங்காது. அப்பா ஏசினால் அம்மம்மா தூக்குவார், அம்மா 'இனிப்பு இல்லை' என்றால் அம்மப்பா சேட்டுப் பையிலிருந்து டொபி எடுப்பார். பிள்ளை மூன்று வயதிலேயே யாரிடம் எதைக் கேட்பது என்று படித்துவிடும். கெட்டித்தனம் என்று சிரிக்கிறோம், ஆனால் யாருடைய சொல்லும் உறுதியில்லாத வீட்டில் பிள்ளைக்குத்தான் பதற்றம்.

ஆகவே கதைக்க வேண்டியது: பிள்ளை விஷயத்தில் கடைசி முடிவு தாய் தகப்பனுடையது என்பதைப் பெரியவர்களுக்கு யார் சொல்வது? என் விடை, அவரவர் தாய் தகப்பனுக்கு அவரவரே சொல்ல வேண்டும். மாமிக்கு மருமகன் சொன்னால் அது சண்டை, மகள் சொன்னால் அது கதை. ஒரு அறையும் அதன் சாவியும் உங்கள் இருவருக்கும் இருக்க வேண்டும் என்பதையும் கலியாணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பிறகு அடி. 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்று கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஒருவர் 'என்னை அடிச்சுத்தான் வளர்த்தவை, நான் கெட்டா போனன்?' என்பார், மற்றவர் ஒருநாளும் கை ஓங்காத வீட்டிலிருந்து வந்திருப்பார். இதைப் பிள்ளை முதல்முறை கண்ணாடியை உடைக்கும் அன்று கதைக்க முடியாது. இப்போதே கதையுங்கள், 'நாங்கள் அடிப்பதில்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுங்கள், அது எங்கள் வீட்டில் நாங்கள் பிந்தி எடுத்த முடிவு. படிப்பையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஒன்பது வயதுப் பிள்ளையைக் காலையில் ஒரு டியூசன், பின்னேரம் ஒரு டியூசன் என்று ஓட்டுவதா இல்லையா என்பதில் எத்தனை வீடுகள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன என்று சுற்றிப் பாருங்கள்.

சண்டை பிடிக்கப் பழகுவது

சண்டையே வராத சோடி என்று ஒன்று இல்லை. ஜோன் கொட்மன் என்ற ஆய்வாளர் பல வருடம் தம்பதிகளைக் கதைக்க விட்டுப் படமெடுத்துப் பார்த்துச் சொன்னது, அவர்களுக்கு வரும் பிணக்குகளில் பெரும்பாலானவை தீர்வதே இல்லை, திரும்பத் திரும்ப வரும் என்று. அப்படியென்றால் பழக வேண்டியது சண்டையை எப்படி நடத்துவது, எப்படி முடிப்பது என்பதைத்தான்.

மார்க் கமிங்ஸ் என்ற உளவியலாளரின் வேலைகள் எனக்குச் சுட்டது போல இருந்தன. பெரியவர்களின் பிணக்கைப் பார்க்கும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பல வருடம் ஆராய்ந்தவர். சத்தம் போடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது, கதைக்காமல் இருப்பது ஆகியவற்றையும் பிள்ளைகள் சண்டையாகவே எடுக்கிறார்கள், அதனால் வரும் கலக்கமும் குறைவில்லை. நாங்கள் மரியாதையான குடும்பம், சத்தம் வெளியே கேட்காது என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் அன்று போய்விட்டது. ஒரேகன் பல்கலைக்கழகத்தில் 2013இல் வந்த ஆய்வு ஒன்றில், ஆறிலிருந்து பன்னிரண்டு மாதக் குழந்தைகளை நித்திரையில் ஸ்கேன் செய்தபடி கோபமான குரலைக் கேட்க வைத்தார்கள். வீட்டில் பிணக்குக் கூடிய குழந்தைகளின் மூளை, அந்தக் கோபக் குரலுக்குக் கூடுதலாக வேலை செய்தது. 'அவன் நித்திரை, அவனுக்கு ஒண்டும் விளங்காது' என்ற கதையை விட்டுவிடலாம்.

ஆனால் கமிங்ஸ் சொன்னதில் நல்ல செய்தியும் இருக்கிறது. சண்டை சமாதானமாக முடிவதைப் பார்த்த பிள்ளைகளிடம் அந்தக் கலக்கம் பெருமளவு தணிகிறது. கதவுக்குப் பின்னால் சமாதானமாகி, பிறகு 'நாங்கள் கதைத்துச் சரிப்படுத்திவிட்டோம்' என்று பிள்ளைக்குச் சொன்னாலும் உதவுகிறது. நாங்கள் என்ன செய்கிறோம்? பிள்ளைக்கு முன்னால் சண்டை பிடித்துவிட்டு, பிள்ளை படுத்த பிறகு சமாதானமாகிறோம். பிள்ளை பார்த்தது முதல் பாதியை மட்டும்.

ஆகவே கலியாணத்துக்கு முன்னமே இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டிய சில ஒழுங்குகள், எங்கள் கொப்பியிலிருந்து: கதைக்காமல் இருப்பதென்றால் ஓர் இரவு மட்டும், அடுத்த நாள் தேத்தண்ணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் தொடங்க வேண்டும் (யார் தொடங்குவது என்பதில் கௌரவம் பார்த்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வையுங்கள், சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது). மற்றவரின் தாய் தகப்பன், ஊர், சீதனம் சண்டைக்குள் வரக் கூடாது. 'உங்கட ஆக்கள்' என்று தொடங்கும் எந்த வசனமும் நல்ல இடத்தில் முடிந்ததாக எனக்கு ஞாபகமில்லை. தலை கொதித்தால் 'இருபது நிமிசம் தாரும்' என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போகலாம், ஆனால் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகக் கூடாது, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பிள்ளையிடம் சொல்லி அனுப்புவது இல்லை. ஒரு சொல்லும் இல்லை.

இதைப் பழகப் பெரிய சண்டை தேவையில்லை. கலியாண அழைப்பிதழில் யாருடைய பெயர் முதலில், எந்த மண்டபம், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று உங்களுக்குள் கட்டாயம் ஒரு பிணக்கு வரும். அது நல்ல சந்தர்ப்பம். அதில் மற்றவர் எப்படி நடக்கிறார் என்று பாருங்கள், நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்றும் பாருங்கள்.

ஒரு எல்லை: நான் இங்கே சொல்வது வாக்குவாதத்தைப் பற்றி. கை நீட்டுவது, மிரட்டுவது, காசைப் பிடுங்கி வைப்பது, வெளியே விடாமல் வைத்திருப்பது இதற்குள் வராது. கலியாணத்துக்கு முன்பே அப்படி ஒன்று தெரிந்தால், அழைப்பிதழ் அடித்துவிட்டார்கள் என்பதற்காகப் போய்க் கழுத்தை நீட்ட வேண்டாம். கலியாணமானவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938, பிள்ளைகளுக்கு 1929. 'பிள்ளைக்காகப் பொறுத்துப் போ' என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில்: போல் அமாட்டோ என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் பார்த்தபோது, கடும் சண்டை நடந்த வீட்டுப் பிள்ளைகள், தாய் தகப்பன் பிரிந்த பிறகு, பிரியாமலே இருந்த அப்படியான வீட்டுப் பிள்ளைகளைவிட நன்றாக இருந்தார்கள்.

குடியும் பழைய காயமும்

பேச்சுக்காலில் 'பெடியன் குடிப்பாரோ' என்று கேட்டால் வரும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: 'ஏதும் விசேஷத்துக்கு மட்டும்.' ஒரு மாதத்துக்கு எத்தனை விசேஷம் என்று நீங்களே நேரில் கேளுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. வடக்கு கிழக்கில் ஏறக்குறைய 300 தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் செய்து 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, யுத்தமும் சுனாமியும் கண்ட அந்தப் பிள்ளைகளின் மனப்பாதிப்பில் வீட்டுக்குள் நடந்த வன்முறைக்கும் பங்கிருந்ததைக் காட்டியது. அந்த வன்முறையோடு சேர்ந்து நின்றது தகப்பனின் குடி.

1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து நடந்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பன்மார். யுத்தம் முடிந்த 2009இல் வன்னியிலிருந்து வந்த பிள்ளைகள் இப்போதுதான் கலியாணம் செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பல வருடம் வேலை செய்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், யுத்தம் தனி ஆளை மட்டுமல்ல குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்தியது என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். தேர் அன்று வெடி கொளுத்தினால் என் மனைவியின் கை நடுங்கும். அதை நான் கலியாணமாகி ஆறு வருடம் கழித்துத்தான் கேட்டேன், அதுவரை 'பயந்த சுபாவம்' என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லச் சொல்லிக் குடைய வேண்டாம். 'சில நேரம் எனக்கு நித்திரை வராது, சில சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது, அப்போது இப்படிச் செய்தால் உதவும்' என்ற அளவு போதும். மருந்து எடுப்பவராக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மறைத்துக் கலியாணம் செய்தவர்கள் மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளிக்க முடியாமல் நிறுத்திவிடுகிறார்கள், பிறகு நடப்பதைப் பிள்ளைதான் பார்க்கிறது. கதைக்க ஆள் வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், தொலைபேசியில் 1926.

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால்

விசா வரும்வரை பெண் இங்கே, அவர் அங்கே. அந்த இடைவெளிக்குள் பிள்ளை வந்தால் என்ன செய்வது என்று முன்பே தீர்மானியுங்கள். 'அப்பா எங்கே' என்று கேட்டால் போனைக் காட்டும் பிள்ளைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். தூரத்தில் இருப்பவர் தினமும் ஒரே நேரத்தில் கதைப்பது, 'படிச்சியா, சாப்பிட்டியா' என்று விசாரணை வைக்காமல் ஒரு கதையோ பாட்டோ சொல்வது, சண்டையைப் பிள்ளை இருக்கும் வீடியோ அழைப்பில் தொடங்காதது, இவ்வளவும் போதும். அங்கே போன பிறகு இரண்டு பேரும் இரண்டு ஷிஃப்ட் வேலை, அம்மம்மா இல்லை, அக்கம்பக்கம் இல்லை, பிள்ளையை யார் பார்ப்பது என்பதையும் படம் பார்த்து மயங்காமல் கேட்டு வையுங்கள்.

ஏற்கெனவே பிள்ளை இருந்தால்

கொப்பியை இன்றைக்கே வாங்குங்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நாங்கள் மகளின் ஐந்தாவது வயதில் தொடங்கினோம். முதல் மாதம் சரியாக வரவில்லை. ஒருநாள் மனைவி பழைய ஞாபகத்தில் "அப்பாட்டைச் சொல்லு" என்று தொடங்க, மகள் கொப்பியில் பூ கீறிக்கொண்டே "அவர் அங்கைதானே நிக்கிறார்" என்றாள். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிள்ளைக்கு முன்னால் பிணக்கு வந்தால் பிள்ளைக்கு முன்னாலேயே முடித்துக் காட்டுவது எங்களுக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. 'நான் அப்பிடிக் கதைச்சது பிழை' என்ற வசனம் எங்கள் வாயில் லேசில் வராது, சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும்.

கலியாணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்பவர்கள் ரத்தப் பரிசோதனையையும் கடன் பக்கத்தையும் முதலில் முடியுங்கள், டியூசன் கதையெல்லாம் பொறுக்கும். தனியாகச் சந்திக்க விடமாட்டார்கள் என்றால் கூறை எடுக்கப் போகும் நாளைப் பிடியுங்கள். பெரியவர்கள் சேலைக் கடைக்குள் போனால் மூன்று மணித்தியாலத்துக்கு வெளியே வரமாட்டார்கள். பக்கத்தில் ஒரு கூல்பாரில் இரண்டு ஐஸ்கிரீமுக்குச் சொல்லிவிட்டுக் கொப்பியைத் திறவுங்கள்.